கடல் சென்ற காதலனும் ஊஞ்சல் வீரனும்

கடல்மேல் பிழைக்கும் ஒருவன் நெடுநாள் கழித்துக் கரைக்குத் திரும்புகிறான். திரும்பியவன் நேரே தன் காதலியைக் காணச் செல்கிறான். அவள் அங்கே இல்லை. சர்க்கஸில் ஊஞ்சலாடும் ஒரு கட்டழகனுடன் போய்விட்டாள் என்ற செய்திதான் அவனுக்காகக் காத்திருக்கிறது. இந்த இடத்தில் கதையை நிறுத்தினால், கைக்குட்டையுடன் உட்கார்ந்து பார்க்கவேண்டிய படம் என்றே எவரும் எண்ணுவர். ஆனால் இது சில நிமிடங்களில் முடிந்துபோகும் ஒரு சித்திரப் படம். சிரிக்க வைப்பதற்கென்றே வரையப்பட்டது. அந்தக் கடலோடியின் பெயர் போப்பாய்.

தொழிலின் பொருட்டு ஊரைவிட்டு வந்து, வேற்றுமொழி வழங்கும் நகரங்களில் குடியேறிய நமக்கு, ‘திரும்பிச் செல்லும்போது எல்லாம் விட்டுவந்தபடியே இருக்குமா?’ என்ற கேள்வி புதியதன்று. ஆகவே இச்சித்திரத்தை வெறும் வேடிக்கையாகப் பார்த்துவிட்டு எழுந்து போக நம்மால் இயலவில்லை. அதற்குப் பின்னால் ஒரு பழம்பாட்டு இருக்கிறது. அப்பாட்டுக்குப் பின்னால் உண்மையாகவே வாழ்ந்த ஒரு வித்தைக்காரன் இருக்கிறான். அவற்றையெல்லாம் ஒரு சேர நோக்கும்போது, படத்தில் சொல்லப்பட்டதைவிடச் சொல்லாமல் விடப்பட்டதே நம் மனத்தில் நிற்கிறது.

முதலில் படத்தைப் பற்றிச் சில விவரங்கள். ‘தி மேன் ஆன் த ஃப்ளையிங் டிரபீஸ்’ என்ற இச்சித்திரம் 1934-ஆம் ஆண்டு மார்ச்சு 16-ந் தேதி வெளிவந்தது. அமெரிக்காவில் நியூயார்க் நகரத்தில் பிளெய்ஷர் சகோதரர்கள் நடத்திவந்த சித்திரக் கூடத்தில் உருவாகி, பாரமவுண்ட் கம்பெனியாரால் திரையரங்குகளுக்கு அனுப்பப்பட்டது. இயக்கியவர் இளைய சகோதரரான டேவ் பிளெய்ஷர். சித்திரங்களை அசைவித்தவர்களாக வில்லார்ட் பவுஸ்கி, டேவ் டெண்ட்லார் ஆகிய இருவர் பெயர்கள் காணப்படுகின்றன. வண்ணம் கிடையாது, கறுப்பும் வெள்ளையும்தான். போப்பாயின் கரகரத்த குரல் அந்நாளில் வில்லியம் காஸ்டெல்லோ என்பவருடையது.

போப்பாயை நம் பிள்ளைகள் அறிவார்கள். ஒற்றைக் கண்ணைச் சுருக்கிக்கொண்டு, புகைக்குழாயைப் பற்களிடையே கடித்தபடி, உருண்டு திரண்ட முன்னங்கைகளோடு நடந்துவரும் அந்த மாலுமி, டப்பாவில் அடைத்த பசலைக்கீரையை விழுங்கியவுடன் மலையையும் புரட்டும் வலிமை பெறுவான். (வடக்கே குடிவந்த நம் இல்லங்களில் ‘பாலக்’ என்று வாங்குகிறோமே, அந்தக் கீரைதான். அதைப் பிள்ளைகள் வாயில் ஊட்டுவதற்குப் போப்பாயின் பெயரைச் சொல்லாத தாய்மார்கள் குறைவு.) எல்ஸி ஸீகார் என்ற ஓவியர் பத்திரிகையில் வரைந்துவந்த ‘திம்பிள் தியேட்டர்’ என்ற தொடர் சித்திரக் கதையில், 1929-ஆம் ஆண்டு ஜனவரி 17-ந் தேதி இவன் முதன்முதலாகத் தலைகாட்டினான். அவன் காதலி ஆலிவ் ஆயிலோ, 1919-ல் அத்தொடர் தொடங்கிய காலத்திலிருந்தே அதில் இருப்பவள். அப்போது அவளுக்கு ஹாம் கிரேவி என்று வேறொரு காதலன் இருந்தான். போப்பாய் வந்தபின் ஹாம் கிரேவி மெல்லமெல்ல மறைந்துபோனான். ஆக, ஊஞ்சல் வீரனிடம் காதலியைப் பறிகொடுத்துப் புலம்பும் போப்பாயே, ஒரு காலத்தில் மற்றொருவனுடைய இடத்தைப் பிடித்துக்கொண்டவன்தான். இதைப் படம் நமக்குச் சொல்வதில்லை. ஹாம் கிரேவி எங்கோ ஒரு மூலையில் அமர்ந்து இப்படத்தைப் பார்த்திருந்தால் அவன்தான் எல்லாரையும்விட உரக்கச் சிரித்திருப்பான்.

நிற்க. பாட்டைக் கவனிப்போம்.

படத்தின் பெரும்பகுதி பேச்சாக அன்றிப் பாட்டாகவே செல்கிறது. அப்பாட்டு இப்படத்துக்கென்று புனையப்பட்டதன்று. படம் வெளிவருவதற்கு அறுபத்தேழு ஆண்டுகளுக்கு முன்பே, 1867-ல், இங்கிலாந்தின் இசையரங்குகளில் பெயர்பெற்றிருந்த ஜார்ஜ் லேபோர்ன் என்ற பாடகர் அதை இயற்றினார். மதுபானமும் உணவும் பரிமாறப்படும் மண்டபங்களில், உழைத்துக் களைத்து வந்த மக்கள் கூடிக் கேட்டு, பல்லவியைத் தாமும் சேர்ந்து பாடுவதற்கென்றே அக்காலத்தில் இத்தகைய பாட்டுக்கள் எழுந்தன.

பாட்டைச் சொல்பவன், காதலியை இழந்த ஒருவன். ஒரு காலத்தில் இன்பமாக இருந்தோம், இப்போது கிழிந்த பழஞ்சட்டையைப் போல ஆகிவிட்டோம் என்று அவன் அழுகிறான். காரணம், சர்க்கஸ் ஊஞ்சலில் காற்றிலே மிதந்து செல்லும் ஓர் இளைஞன். மேலிருந்தபடியே அவன் கூட்டத்திலுள்ள பெண்களையெல்லாம் பார்த்துப் புன்னகை புரிகிறான்; அப்புன்னகையில் அகப்பட்டவள் நம் புலம்பல்காரனின் காதலி. ஒரு நாள் இவன் அவள் வீட்டுக்குப் போகையில், பெற்றோர் கண்ணீரும் கம்பலையுமாக நிற்கின்றனர். இரவோடிரவாக ஊஞ்சல்காரன் வந்து, மாடிச் சன்னலிலிருந்து தன் ஊஞ்சலாலேயே அவளைக் கீழே இறக்கிக்கொண்டு போய்விட்டானாம். தொழிற்கருவியையே களவுக்கும் கருவியாக்கிக்கொண்ட அந்தச் சாமர்த்தியத்தைப் புலவர் ரசித்தே எழுதியிருக்க வேண்டும்.

ஆனால் பாட்டு அங்கே முடியவில்லை. சில மாதங்கள் சென்றபின், கைவிடப்பட்ட காதலன் ஒரு மண்டபத்துக்குப் போகிறான். சுவரில் சிவப்பு எழுத்தில் ஒட்டியிருக்கும் விளம்பரத்தில், அவளும் ஊஞ்சல்காரனுடன் வித்தைக்கு வருவதாகக் காண்கிறான். உள்ளே போனால், உடலோடு ஒட்டிய வித்தை உடை தரித்து, ஆண் பெயர் ஒன்றைச் சூட்டிக்கொண்டு, ஊஞ்சலில் பறந்துகொண்டிருப்பவள் அவளே. அவன் அவளுக்கு வித்தையைக் கற்றுக்கொடுத்திருக்கிறான். கற்றுக்கொடுத்தபின் தான் ஓய்வெடுத்துக்கொண்டிருக்கிறான். பாடுபடுபவள் அவள், சுகமாக இருப்பவன் அவன். முதலில் அவன் காற்றில் மிதப்பதைப் பாடிய அதே பல்லவி, இறுதியில் அவள் மிதப்பதைப் பாடுகிறது. மெட்டு மாறவில்லை; மிதக்கும் ஆள்தான் மாறிவிட்டார்.

காதலித்து அழைத்துச் சென்றவன் அவளை உழைப்பாளியாக்கிவிட்டான் என்ற இந்த முடிவு, வேடிக்கைப் பாட்டுக்குள் ஒளிந்திருக்கும் ஒரு கூரிய முள். இதைத்தான் நாம் படத்தில் தேடினோம். அதைப் பின்னர்ச் சொல்கிறோம்.

பாட்டில் வரும் ஊஞ்சல் வீரனுக்கு மூலமாக நின்றவன் ஜூல்ஸ் லெயோதார் என்ற பிரெஞ்சு இளைஞன். தென் பிரான்சில் உள்ள துலூஸ் நகரத்தில் உடற்பயிற்சிக் கூடம் நடத்திவந்த ஒருவருடைய மகன். சட்டம் படித்தவன். தந்தையின் கூடத்தில் இருந்த நீச்சல் குளத்துக்கு மேலே கயிறுகளைக் கட்டி, ஓர் ஊஞ்சலை விட்டு மறு ஊஞ்சலைத் தாவிப் பிடிக்கும் வித்தையை அவன் பழகினான். தவறினால் தண்ணீரில்தானே விழவேண்டும்! 1859-ஆம் ஆண்டு நவம்பர் 12-ந் தேதி பாரிஸ் மாநகரில் நெப்போலியன் சர்க்கஸ் என்று அப்போது வழங்கிய அரங்கத்தில் அவன் முதன்முதலாக இவ்வித்தையைக் காட்டினான். அங்கே குளம் இல்லை, வலையும் இல்லை, கீழே மெத்தைகள் மட்டும் பரப்பியிருந்தன. அதற்கு முன் ஊஞ்சலில் தொங்கியும் தலைகீழாக நின்றும் வித்தை காட்டியோர் உண்டு. ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குப் பறந்தவர் எவரும் இலர். 1861-ல் லண்டனுக்குச் சென்று அல்ஹாம்பிரா என்ற இசையரங்கில் ஆடினான். இசையரங்குப் பாடகராகிய லேபோர்னின் பாட்டுக்குப் பொருள் கிடைத்தது இவ்வாறுதான். முப்பது வயதை ஒட்டிய இளமையிலேயே, 1870-ல், தொற்றுநோய் கண்டு அவன் இறந்துபோனான். அவன் அணிந்த உடலை ஒட்டிய உடைக்கு ‘லியோடார்ட்’ என்று இன்றளவும் பெயர். விளையாட்டு வகுப்புக்காக நம் பெண்களுக்கு அந்த உடையை வாங்கும்போது, ஓர் ஊஞ்சல்காரனின் பெயரைச் சொல்லித்தான் கடையில் கேட்கிறோம்.

இனி, பாட்டுக்கும் ஊஞ்சலுக்கும் உள்ள பொருத்தத்தைப் பார்ப்போம். சங்கீதச் சித்திரம் என்ற வகையில் இப்படத்தின் உயிர் அங்கேதான் இருக்கிறது.

பாட்டு ‘வால்ட்ஸ்’ என்னும் மூன்று அடிகள் கொண்ட தாளத்தில் அமைந்தது. நம் முறைப்படி திசிர நடை என்று கொள்ளலாம்: தகிட, தகிட, தகிட. முதல் அடி அழுத்தமாக விழ, அடுத்த இரண்டும் அந்த அழுத்தத்தின் மேல் மிதந்து செல்லும். ஊஞ்சலின் இயல்பும் அதுவே. கீழே வருகையில் வேகம். மேலே போகையில் தளர்ச்சி. உச்சியில் ஒரு கணம் நின்றது போன்ற தோற்றம். நான்கு மீட்டர் நீளமுள்ள கயிற்றில் தொங்கும் ஊஞ்சல் ஒரு முறை போய்த் திரும்ப ஏறக்குறைய 4 விநாடி ஆகும். ஆடுபவர் பருத்தவரா மெலிந்தவரா என்பதைப் பற்றி ஊஞ்சலுக்குக் கவலையில்லை. கயிற்றின் நீளந்தான் கணக்கு. ஆகவே ஊஞ்சல் தானே ஒரு தாளக் கருவி. அதற்கு மேல் ஒரு பாட்டை ஏற்றினால், வாத்தியக்காரர்களும் வித்தைக்காரர்களும் ஒருவரையொருவர் பார்க்காமலே ஒத்துப்போவார்கள்.

ஆனால் சித்திரத்தில் ஊஞ்சல் தானாக ஆடாது. ஒவ்வோர் அசைவையும் ஒருவர் உட்கார்ந்து வரைந்தாக வேண்டும். ஒரு விநாடிக்கு 24 சட்டங்கள் ஓடுகின்றன. மேலே சொன்ன ஒரே ஒரு போக்குவரவுக்கு 96 சட்டங்கள். படம் 7 நிமிடம் என்று கொண்டால் 10,080 சட்டங்கள். ஒரு சித்திரத்தை இரண்டு சட்டங்களுக்குப் பயன்படுத்திச் சிக்கனம் செய்வதுண்டு. அப்படியும் ஆயிரக்கணக்கான சித்திரங்கள் தேவைப்படும். உச்சிக்குப் போகப்போகச் சித்திரங்களை நெருக்கமாகவும், கீழே இறங்கும் இடத்தில் இடைவெளி விட்டும் வரைந்தால்தான் கண்ணுக்கு ஊஞ்சல் ஊஞ்சலாகத் தோன்றும். அந்த இடைவெளிகளையும் மூன்றடித் தாளத்தோடு இசைவிக்க வேண்டும். மிதப்பவனைப் பார்த்தால் எளிதாகத்தான் இருக்கிறது!

இக்கலையில் பிளெய்ஷர் சகோதரர்கள் கைதேர்ந்தவர்கள். மூத்தவரான மாக்ஸ் பிளெய்ஷர் 1883-ல் போலந்து நாட்டுக் கிராக்கோவ் நகரத்தில் பிறந்து, சிறுவயதில் பெற்றோருடன் அமெரிக்காவில் குடியேறியவர். ஊரைவிட்டு வந்தோர் கூட்டத்தில் அவரும் ஒருவர் என்பதால் நமக்கு அவர்மேல் ஒரு தனிப் பரிவு. 1924 முதல் அவர்கள் வெளியிட்ட பாட்டுச் சித்திரங்களில், பாட்டின் சொற்கள் திரையில் தோன்ற, அச்சொற்களின் மேல் ஒரு வெள்ளைப் பந்து தாளத்துக்கேற்பக் குதித்துச் செல்லும். பந்து எச்சொல்லின் மேல் விழுகிறதோ அச்சொல்லை அரங்கத்தார் அனைவரும் பாடுவர். எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரிந்தால் போதும். ஊர்ப் பாட்டு, அந்நியப் பாட்டு என்ற வேற்றுமையில்லாமல் எவரும் சேர்ந்துகொள்ளலாம். பேசும் சித்திரம் என்றாலே மிக்கி எலியின் 1928-ஆம் ஆண்டுப் படத்தைச் சொல்வது வழக்கமாகிவிட்டது. அதற்கு இரண்டு ஆண்டு முன்பே பிளெய்ஷர் கூடத்தார் ஒலியோடு இசைந்த சித்திரத்தை வெளியிட்டிருந்தனர். புகழ் எப்போதும் முதலில் செய்தவருக்கே போய்ச் சேருவதில்லை.

அவர்களிடம் மற்றொரு பழக்கமும் இருந்தது. மற்ற சித்திரக் கூடங்களில் முதலில் குரலைப் பதிவு செய்து, பிறகு வாயசைவை வரைவர். பிளெய்ஷர் கூடத்திலோ படத்தை வரைந்து முடித்தபின் குரல் சேர்ப்பதே வழக்கம். குரல் கொடுப்பவர் திரையைப் பார்த்துக்கொண்டே, தமக்குத் தோன்றியதையும் இடையிடையே முணுமுணுப்பார். போப்பாய் வாயை அசைக்காமலே ஏதோ சொல்லிக்கொண்டு நடப்பது இவ்வாறு வந்த விளைவு. வறுமையில் பிறந்த ஒரு சிக்கனம், ஒரு பாத்திரத்தின் குணமாகவே ஆகிவிட்டது. திட்டமிட்டுச் செய்திருந்தால் அவ்வளவு நன்றாக அமைந்திராது என்பது நம் எண்ணம்.

1867-ஆம் ஆண்டுப் பாட்டு 1934-ல் மீண்டும் தலையெடுத்ததற்குக் காரணம் என்ன? அவ்வாண்டில் அமெரிக்கா முழுவதும் அப்பாட்டு ஒலித்தது என்றே சொல்லலாம். அதே ஆண்டு பிப்ரவரியில் வெளிவந்த ஃபிராங்க் காப்ராவின் ‘இட் ஹாப்பண்ட் ஒன் நைட்’ என்ற புகழ்பெற்ற படத்தில், இரவு நேரப் பஸ்ஸில் போகும் முன்பின் அறியாத பிரயாணிகள் எல்லாரும் கூடி அதே பாட்டைப் பாடுகிறார்கள். வில்லியம் சரோயன் என்ற எழுத்தாளர் பாட்டின் தலைப்பையே தம் சிறுகதைக்குச் சூட்டி அதே ஆண்டில் வெளியிட்டார். பசியால் வாடிச் சாகும் ஓர் இளம் எழுத்தாளனைப் பற்றிய கதை அது. மறு ஆண்டில், ஹாஸ்ய நடிகர் டபிள்யூ. ஸி. ஃபீல்ட்ஸ் நடித்த ஒரு படத்துக்கும் அதே பெயர். பெரும் பொருளாதார மந்தத்தின் காலம் அது. 1933-ல் அந்நாட்டில் வேலை செய்யக்கூடியவர்களில் ஏறக்குறைய நான்கில் ஒருவருக்கு வேலையில்லை. காலின் கீழ்த் தரை நழுவிப்போன மக்களுக்கு, தரையே வேண்டாம் என்று காற்றில் மிதக்கும் ஒருவனைப் பற்றிய பாட்டு இனித்ததில் வியப்பென்ன? பஸ்ஸில் பாடியவர்களும் சரோயனின் பட்டினி இளைஞனும் ஒரே பாட்டின் இரு பக்கங்கள்.

இத்தகைய காலத்தில்தான் போப்பாய் சர்க்கஸ் கூடாரத்துக்குள் நுழைகிறான். பாட்டிலுள்ள காதலன் அழுதுகொண்டே இருந்தான். போப்பாயும் முதலில் அழத்தான் செய்கிறான். ஆனால் அழுகை அவனுக்கு அதிக நேரம் தாங்குவதில்லை. எதிரியின் உயரத்துக்கே ஏறிச் சென்று, அந்தரத்திலேயே சண்டை தொடுக்கிறான். வழக்கமான எதிரி புளூட்டோ இப்படத்தில் இல்லை. ஊஞ்சல் வீரனே போதுமென்று விட்டுவிட்டார்கள். வெற்றி யாருக்கு என்பதைச் சொல்ல வேண்டுவதில்லை. ஏங்கியவன் ஏங்கியபடியே நின்ற ஒரு பாட்டை எடுத்து, ஏங்கியவன் எழுந்து ஏறும்படி செய்தது பிளெய்ஷர் கூடத்தாரின் மாற்றம். வேலையிழந்து வரிசையில் நின்ற மக்கள் அதைக் கண்டு கைதட்டியிருப்பார்கள். அந்தக் கைதட்டலை நாம் குறை கூற மாட்டோம்.

எனினும் ஒன்று விடுபட்டுவிட்டது. பாட்டின் அந்தக் கடைசிப் பகுதி, பாடுபடுபவள் அவள் என்று சொல்லும் பகுதி, படத்தில் இடம்பெறவில்லை. ஆலிவ் ஏன் போனாள், அங்கே என்ன கண்டாள், திரும்பிவர விரும்பினாளா என்று எவரும் கேட்கவில்லை. ஊஞ்சலில் ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாறுவதுபோல் அவளும் ஒருவனிடமிருந்து மற்றொருவனிடம் மாறுகிறாள். ஆறேழு நிமிடப் படத்தில் அதற்கெல்லாம் இடமேது என்று சிலர் கேட்கலாம். நான்கு நிமிடப் பாட்டில் லேபோர்னுக்கு இடம் இருந்தது என்பதே நம் விடை.

உண்மையான சர்க்கஸ் காதல் எப்படிப்பட்டது என்பதற்கு அதே காலத்தில் ஒரு கதை நடந்துகொண்டிருந்தது. ரிங்லிங் சகோதரர்களின் பெருஞ் சர்க்கஸில் லில்லியன் லைட்ஸெல் என்ற அம்மையார் தலைமை வித்தைக்காரியாக விளங்கினார். உயரத்தில் ஒரு வளையத்தை ஒற்றைக் கையால் பற்றிக்கொண்டு, தோளையே அச்சாக்கி, உடலைச் சக்கரம்போல் தொடர்ந்து சுழற்றுவார். அரங்கத்தார் எண்ணிக்கொண்டே வர, எண்ணிக்கை சில சமயம் நூறையும் தாண்டும். ஒவ்வொரு சுழற்சியிலும் தோள்மூட்டு சற்றே விலகிச் சேரும் என்பர். அவரை 1928-ல் மணந்தவர் ஆல்ஃபிரடோ கோடோனா. ஊஞ்சலை விட்டு அந்தரத்தில் மூன்று முறை குட்டிக்கரணம் போட்டு மறுபக்கத்துக் கையைப் பிடிக்கும் அரிய வித்தையில் பெயர்பெற்றவர். 1931-ஆம் ஆண்டு பிப்ரவரி 13-ந் தேதி, டென்மார்க்கின் தலைநகராகிய கோபன்ஹேகனில் அம்மையார் வித்தை காட்டிக்கொண்டிருந்தபோது, வளையத்தைத் தாங்கிய உலோகப் பகுதி முறிந்தது. கீழே விழுந்த அவர் இரண்டு நாளில் உயிர் நீத்தார். கணவர் அப்போது வேறு ஒரு நகரத்தில் ஆடிக்கொண்டிருந்தார். இரண்டு ஆண்டு சென்று அவரும் தோளில் அடிபட்டு, பறக்கும் வித்தையை விடவேண்டியதாயிற்று. 1937-ல், பிரிந்து போக முடிவு செய்திருந்த தம் மறுமனைவியைச் சுட்டுக் கொன்று, தம்மையும் சுட்டுக்கொண்டார். பறக்கும் காலத்தில் அவருடைய காதலைக் கொண்டாடிய பத்திரிகைகள்தாம், இதையும் பெரிய எழுத்தில் போட்டன. படத்தில் போப்பாய் போடும் சண்டையைப் பார்த்துச் சிரிக்கையில், இக்கதையும் நம் நினைவுக்கு வந்தது, வராமல் இருந்திருக்கலாம்.

பாடுபடுபவர் ஒருவர், பலன் பெறுபவர் ஒருவர் என்ற லேபோர்னின் முறையீடு, படம் உருவான கூடத்துக்கும் பொருந்தியது. பிளெய்ஷர் கூடத்தில் லில்லியன் ஃபிரீட்மன் என்ற பெண்மணி சித்திரங்களுக்கு அசைவு கொடுக்கும் பதவியில் 1930-களின் முற்பகுதியில் அமர்ந்தார். அமெரிக்கச் சித்திரக் கூடங்களில் அப்பதவியைப் பெற்ற முதல் பெண்கள் வரிசையில் அவர் வைத்து எண்ணப்படுகிறார். அதே வேலைக்கு ஆண்கள் பெற்றதைவிட மிகக் குறைந்த ஊதியமே அவருக்குக் கிடைத்தது. பாட்டில் வரும் பெண்ணாவது ஆண் பெயர் சூட்டிக்கொண்டாள். இவர் தம் பெயரோடேயே குறைந்த ஊதியத்தை வாங்கினார். 1937-ஆம் ஆண்டு மே மாதம் அக்கூடத்துத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கினர். அது அக்டோபர்வரை ஐந்து மாதம் நீடித்தது. சித்திரத் தொழிலில் நடந்த முதற் பெரும் வேலைநிறுத்தம் அது. தெருவில் நின்ற அவர்கள், போப்பாயின் பாட்டையே எடுத்துச் சொற்களை மாற்றி, சங்கத்துக்காரன் நான் என்று போப்பாய் பாடுவதுபோல் பாடினார்களாம். தாங்கள் வரைந்த வீரனைத் தங்கள் பக்கம் நிற்கவைத்துக்கொண்டார்கள். அடுத்த ஆண்டில் கூடமே தெற்கே மயாமி நகரத்துக்குப் போய்விட்டது.

நம்மவர் வீட்டில் சர்க்கஸ் காதல் என்றால் எழும் பெயர் ‘சந்திரலேகா’. 1948-ல் ஜெமினி வாசன் எடுத்த அப்படத்தில், நாயகி சர்க்கஸ் கூட்டத்தில் அடைக்கலம் புகுகிறாள். அதற்காக உண்மையான சர்க்கஸ் கம்பெனிகளையே அமர்த்திக்கொண்டார் வாசன். இந்தியிலும் அதே ஆண்டு வெளியிட்டு, வட நாட்டு நகரங்களில் தமிழ்நாட்டுப் படக் கூடம் ஒன்றின் பெயரை நிலைநாட்டினார். அங்கே கூடாரம் பெண்ணுக்குப் புகலிடம். லேபோர்னின் பாட்டிலோ அது உழைப்புக் களம். உண்மைச் சர்க்கஸ் இரண்டுமாக இருந்திருக்கிறது. 1880-ல் விஷ்ணுபந்த் சத்ரே பம்பாயில் தொடங்கிய ‘கிரேட் இந்தியன் சர்க்க’ஸும், தலைச்சேரியில் கீலேரி குஞ்ஞிக்கண்ணன் பழக்கிய வித்தைக்காரர்களும் இந்நாட்டுச் சர்க்கஸுக்கு வேர்கள். ஏழை வீட்டுப் பிள்ளைகள் பலருக்கு அது சோறு போட்டது. பலரைச் சிறுவயதிலேயே ஊஞ்சலிலும் ஏற்றியது. 2011-ஆம் ஆண்டு ஏப்ரலில்தான் உச்ச நீதிமன்றம், சர்க்கஸில் சிறுவர் சிறுமியரை வேலைக்கு வைக்கலாகாதென்று உத்தரவிட்டது. நாம் சிறுவயதில் டிக்கட் வாங்கிக்கொண்டு பார்த்து மகிழ்ந்த ஆட்டங்களில், நம் வயதுப் பிள்ளைகளே மேலே தொங்கிக்கொண்டிருந்தார்கள்.

பிள்ளைகளுக்கு இப்படத்தைக் காட்டலாமா என்று கேட்கும் பெற்றோர் இருக்கிறார்கள். குத்துச் சண்டை இருக்கிறது. ஆனால் எவருக்கும் இரத்தம் வருவதில்லை. தாளத்தோடு இசைந்து விழும் குத்துக்களைப் பிள்ளைகள் பாட்டின் ஒரு பகுதியாகவே எடுத்துக்கொள்கிறார்கள். அதைவிட, ஆலிவ் என்ன நினைத்தாள் என்று படம் முடிந்தவுடன் ஒரு கேள்வி போட்டுப் பாருங்கள். ஊஞ்சலில் ஆட ஆசையாக இருந்திருக்கும், அதனால்தான் போனாள் என்று சொல்லக்கூடிய பெண்பிள்ளைகள் நம் வீடுகளிலேயே இருக்கிறார்கள். கதை எழுதியவர்களுக்குத் தோன்றாத காரணம் அது.

1933 முதல் 1938 வரை வெளிவந்த போப்பாய் சித்திரங்கள் அறுபதைத் திரட்டி, 2007-ஆம் ஆண்டில் தட்டு வடிவில் ஒரு தொகுதி வெளியிட்டிருக்கிறார்கள். ஊஞ்சல் வீரன் படமும் அதில் அடங்கும். பழைய பிரதிகளைத் துப்புரவு செய்து பதித்திருப்பதால் கோடுகள் தெளிவாகத் தெரிகின்றன. பார்க்கும் அன்பர்கள் ஒரு முறை கதைக்காகப் பார்த்துவிட்டு, மறுமுறை தொடையில் தகிட என்று தாளம் போட்டுக்கொண்டே பாருங்கள். ஊஞ்சல் எங்கே கீழிறங்குகிறது, அடி எங்கே விழுகிறது என்பது கைக்கே தெரிந்துவிடும்.